ஃபிரேம்காரம்மாவின் சுத்தியலுக்குப் புதுப் பிடி

சுத்தியாரிடம் சுத்தியல் இரவல் கேட்டவர்கள் இரண்டாவது தடவை கேட்பதில்லை. தர மாட்டேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, தாராளமாகத் தருவார். ஆனால் சுத்தியல் தனியாக வராது, அவரும் கூடவே வருவார்.

மாடி வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்க வேண்டும், சுத்தியல் கிடைக்குமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். சுத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முதலில் சுவரை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். நெஞ்சுவலி என்று வந்தவரை டாக்டர் பார்க்கிற மாதிரி. பிறகு ஆணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "இதை எங்க வாங்கினீங்க?" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். அந்த ஆணிக்கு இந்தச் சுத்தியல் ஆகாது என்று கீழே போய் வேறு சுத்தியல் எடுத்து வந்தார். புதுச் சுத்தியலுக்கு அந்த ஆணி ஆகாது என்று மறுபடி போய் வேறு ஆணி எடுத்து வந்தார். கடைசியில் ஒரே அடி. ஆணி மறுபேச்சில்லாமல் இறங்கியது. அதற்குள் மாடி வீட்டுக்காரரின் ஞாயிற்றுக்கிழமையும் இறங்கிவிட்டது. அடுத்து ஒரு கடிகாரம் மாட்ட வேண்டியிருந்தபோது அவர் யாரையும் கூப்பிடாமல் பசை நாடாவால் ஒட்டினார். அது விழுந்து உடைந்தது. காலண்டர் ஆணி இன்றைக்கும் அசையவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

அவருக்கு வேலை ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். வந்து சேருகிற தாள்களின் தலையில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்துகிற இருக்கை. அவர் குத்தினால் பக்கத்து மேஜைத் தேநீர்க் கோப்பை எழுந்து உட்காரும். சுத்தியார் என்ற பெயர் அந்தக் குத்திலிருந்து வந்ததென்று அலுவலகத்தில் ஒரு கட்சி சொல்லும். இழுப்பறையில், ரப்பர் முத்திரைக்குப் பக்கத்தில், கடிகாரக்காரர்கள் உபயோகிக்கிற குட்டிச் சுத்தியல் ஒன்று படுத்திருப்பதைப் பார்த்து வைத்தார்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் உடன்பாடான ஒரே விஷயம், அவரிடம் பேனாக்கத்தி கேட்கக் கூடாது என்பது.

"சார், கத்தி இருக்கா?"

"எதுக்கு?"

"பார்சல் பிரிக்கணும்."

"கயிறா, டேப்பா?"

"டேப்தான் சார்."

"அட்டை மேல ஒட்டினதா, தாள் மேல ஒட்டினதா?"

சட்டைப் பையில் ஒரு கத்தி, கால்சட்டையின் வலது பையில் ஒன்று, இடது பையில் ஒன்று. கயிற்றுக்கு உள்ளதைத் தாளுக்கு எடுக்க மாட்டார். பழத்துக்கு உள்ளதை வேறு எதற்குமே எடுக்க மாட்டார். எதை எடுப்பதென்று அவர் ஆலோசித்து முடிப்பதற்குள் கேட்டவர் பல்லால் கடித்துப் பிரித்துவிட்டுப் போயிருப்பார். "பல்லு நல்ல எஃகுபோல" என்று சொல்லிவிட்டுச் சுத்தியார் தன் வேலையைப் பார்ப்பார். கோபமே வராது.

வீட்டில் துணி அலமாரி என்று ஒன்று உண்டு. துணிகள் கட்டிலில் கிடக்கும். அலமாரியில் சுத்தியல்கள் இருக்கும். செருப்பு தைப்பவருடைய அகல முகச் சுத்தியல், சோபா தைப்பவருடைய ஒல்லிச் சுத்தியல், கல் உடைக்கிறது, தகரம் தட்டுகிறது, பின்பக்கம் பிளந்த நாக்கு உள்ளது, உருண்டைத் தலை உள்ளது. எல்லாம் பழைய சாமான் கடைகளிலும் மூடிய பட்டறைகளிலும் தேடிப் பிடித்து, துருவை எடுத்து, எண்ணெய் காட்டி, புதுப் பிடி போட்டு வளர்த்தவை. தலை ஆடுகிற சுத்தியலை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யாருடைய குழந்தைக்கோ மூக்கு ஒழுகினால் சில பேர் கைக்குட்டையை எடுப்பார்களே, அந்த ஜாதி.

இந்த அலமாரிக்கு அவருடைய மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "இந்த வீட்டுக்குள்ள வர்றது எதுவா இருந்தாலும் வேலை செய்யணும். சும்மா உட்கார்ந்து சாப்பிட ஏற்கெனவே ஒரு ஆள் இருக்காரு."

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சுத்தியார் ஒவ்வொன்றுக்கும் வேலை தேடிக் கொடுப்பார். பாதாம்கொட்டை உடைக்க ஒன்று, நசுங்கின பாத்திரத்தை நிமிர்த்த ஒன்று, கதவுக் கீலைச் சமாதானப்படுத்த ஒன்று. வேலை இல்லாத வாரத்தில் ஏதாவது ஒரு ஸ்டூலின் கால் தானாக ஆடத் தொடங்கும். எப்படி ஆடியது என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

நிபந்தனைக்கு அடங்காமல் தப்பித்தது ஒரே ஒரு கத்தி. கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி. ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர் ஒருவரிடம் மாதக்கணக்கில் நடையாய் நடந்து, அவர் சொன்ன புயல் கதையையே மறுபடி மறுபடி புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டு, தன்னிடமிருந்த நல்ல சுத்தியல்களில் மூன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டது. அகலமான நேர் அலகு. திறந்தால் ஒரு சத்தம் வரும். மூடினால் வேறு சத்தம் வரும். இரண்டையும் கேட்பதற்காகவே வாரம் ஒரு முறை எடுத்து, எண்ணெய் துடைத்து, திறந்து, மூடி, நீல வெல்வெட் பெட்டியில் வைப்பார். அது இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நூலைக்கூட அறுத்ததில்லை.

"என்ன, சின்ன வீட்டுக்குப் போய்ட்டு வந்தாச்சா?" என்பார் மனைவி, அவர் பெட்டியை மூடும்போது.

"சும்மா பாத்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

மனைவியைத் தெருவில் எல்லோரும் ஃபிரேம்காரம்மா என்பார்கள். படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை. வீட்டிலிருந்து தெருமுனைக்கு நடக்கிற தூரம். ஒரு பெரிய மேஜை, சுவரில் சாய்த்த கண்ணாடிகள், மூலையில் மரச் சட்டங்கள், வாடிக்கையாளர் உட்கார ஒரு நாற்காலி. கல்யாணப் படம், பட்டம் வாங்கின படம், செத்துப்போன நாய்க்குட்டியின் படம் என்று ஊரில் யாருக்கு எது நடந்தாலும் அது கடைசியில் அந்த மேஜைக்கு வந்து குப்புறப் படுக்கும்.

அந்த மேஜையில் இருந்த சுத்தியல்தான் சுத்தியாரின் தீராத அவமானம்.

கடை தொடங்கிய வருஷமே அதன் பிடி உடைந்துவிட்டது. அன்றைக்கு அங்கே இருந்த மச்சான், அதாவது ஃபிரேம்காரம்மாவின் தம்பி, அவசரத்துக்கு நாற்காலியின் கால்களுக்கு நடுவே இருந்த குறுக்குக் கட்டை ஒன்றைப் பிடுங்கி, குட்டையாக அறுத்து, ஒரு பக்கத்தைச் செதுக்கி, சுத்தியல் தலைக்குள் திணித்துக் கொடுத்தான். "ரெண்டு நாள் ஓட்டு அக்கா. நல்லதா வாங்கிப் போட்டுடலாம்." அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. மச்சான் இதற்கிடையில் வேன் ஓட்டக் கற்று, வேன் வாங்கி, தலையில் பாதி முடியையும் விட்டுவிட்டான். பிடி மட்டும் அப்படியே இருந்தது. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் பள்ளம், மேலே பசையும் அழுக்கும் சேர்ந்த கறுப்பு. தலை முழுக்கத் துரு.

"ஏன் அத்தான், உங்க அலமாரியில இருக்கிறதெல்லாம் அரண்மனைக்காரங்க. அக்கா கையில மட்டும் இப்படி ஒரு அநாதை?" என்று மச்சான் வாய்க்கு வாய் குத்திக்காட்டுவான். குற்றவாளியே அவன்தான் என்பதை அவன் என்றோ மறந்துபோயிருந்தான்.

ஃபிரேம்காரம்மா மகளைப் பார்க்க ஒரு வாரம் வெளியூர் போனபோது சுத்தியாருக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. திரும்பி வருகிற நாள் அந்த அம்மாவின் பிறந்தநாள். கடைச் சாவி சுத்தியாரிடம் இருந்தது. இந்த மாதிரி வேலைகளில் ஆண்கள் காட்டுகிற சுறுசுறுப்பு தனி. பழைய பிடியைத் தலைக்குக் கீழே அறுத்தார். மிச்சக் கட்டையைத் தட்டி வெளியே தள்ளினார். அறுத்த துண்டுகளைக் குப்பையில் போட்டார். குப்பை வண்டி காலையிலேயே வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. தலையைத் தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். அதன் அடிக்கிற முகத்தில் தன் முகம் தெரிகிற வரைக்கும் மெருகேற்றினார். தன் கையிருப்பில் இருந்ததிலேயே நல்ல பிடியை எடுத்தார். வெளிர் நிறம், நேர் இழை, நடுவில் மெல்லிய வளைவு, கைக்கு அடக்கமாக நீள்வட்டம். தலையில் செருகி, ஆப்பு வைத்து, எண்ணெய் பூசி, சிவப்பு ரிப்பன் கட்டி மேஜையில் வைத்தார். அன்று கடையைப் பூட்டும்போது அவருக்கே தன் மீது மரியாதை வந்தது.

ஃபிரேம்காரம்மா வந்து பார்த்தார். ரிப்பனை அவிழ்த்தார்.

"அழகா இருக்குங்க" என்றார்.

"பின்னே!"

"அந்தப் பழைய பிடி?"

"அது ஒழிஞ்சுது. இனிமே நீ மானமா வேலை செய்யலாம்."

ஃபிரேம்காரம்மா புன்னகை செய்தார். கல்யாண வீட்டில் பிடிக்காத பரிசை வாங்குகிறவர்கள் செய்கிற புன்னகை அது. அதை வாசிக்கிற படிப்பு சுத்தியாருக்கு இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கு ஒரு பெரிய வேலை வந்திருந்தது. ஒரு பள்ளிக்கூடம் புது மண்டபம் கட்டி, வருஷவாரியாகப் பழைய மாணவர்களின் குழுப் படங்களை எல்லாம் சட்டம் போட்டு மாட்ட நினைத்தது. சனிக்கிழமை திறப்பு விழா. கடைக்கு இத்தனை பெரிய வேலை இதுவரை வந்ததில்லை. எதிர்த் தெருவில், காற்று அழுத்தத்தில் ஆணி சுடுகிற துப்பாக்கி வைத்து வேலை செய்கிற மெஷின் கடை ஒன்று உண்டு. அவர்களை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தார்கள். "கையால செய்யறவங்கதான் வேணும்னு சொன்னாங்க" என்று ஃபிரேம்காரம்மா ஊரிலிருந்து வந்த அன்றே மகளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னார்.

முதல் நாள் சாயங்காலம் சுத்தியார் அலுவலகத்திலிருந்து நேரே கடைக்குப் போனார், பாராட்டு வாங்க. மேஜைக்குக் கீழே உடைந்த கண்ணாடி குவிந்திருந்தது. வளைந்த ஆணிகள் ஒரு டப்பா நிறைய.

"என்ன ஆச்சு?"

"உங்க பிடி நீளங்க. எதிர்ச் சட்டத்துல போய் இடிக்குது."

இது எளிதில் தீர்கிற குறைதான். சுத்தியார் பிடியைக் குறைத்து அறுத்துக் கொடுத்தார். மறுநாள் கண்ணாடி குறைவாக உடைந்தது. ஆணி அதிகமாக வளைந்தது.

"இப்ப என்ன?"

"சரியில்ல."

"எது சரியில்ல?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? கைக்கு வரலைங்க. அவ்வளவுதான்."

சுத்தியாருக்கு இது புரியவில்லை. நல்ல எஃகு, நல்ல மரம், நல்ல பொருத்தம். இதற்கு மேல் ஒரு கைக்கு என்ன வேண்டும்? ஆனால் அவர் சும்மா இருக்கிறவர் இல்லை. அலமாரியைத் திறந்தார். தினம் காலையில் ஒரு பை நிறையச் சுத்தியல்களைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். ஃபிரேம்காரம்மா ஒவ்வொன்றையும் எடுத்து ஓர் ஆணி அடித்துப் பார்த்து, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளை ஒதுக்குவதுபோல ஒவ்வொரு வார்த்தையில் ஒதுக்கினார்.

"கனம்."

சோபாக்காரருடையது: "துள்ளுது."

செருப்புக்காரருடையது: "மூஞ்சி பெருசு."

கடிகாரக்காரருடையதை எடுத்து ஒரு தட்டுத் தட்டி, "இதால ஆணிக்கு வேணா பொட்டு வைக்கலாம்" என்றார்.

இத்தனை வருஷம் சேர்த்த செல்வம் எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன ஆணியை அடிக்க முடியவில்லை. சுத்தியார் பையைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார். அன்று முத்திரை குத்தியபோது தேநீர்க் கோப்பை அசையவில்லை. பக்கத்து மேஜைக்காரர் பயந்துபோய், "சார், உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஃபிரேம்காரம்மா அவரிடம் பேசுவதைக் குறைத்துவிட்டார், அதுதான். சண்டை போட்டிருந்தால் தாங்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது, தட்டில் சாப்பாடு வந்தது, கிண்டல் மட்டும் வரவில்லை. வெல்வெட் பெட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்து, வேண்டுமென்றே சத்தமாகக் கத்தியைத் திறந்து மூடினார். சின்ன வீடு என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. கிண்டலுக்கு ஆளாகாத கத்தி வெறும் கத்தியாகப் போய்விட்டது.

புதன்கிழமை மச்சான் வந்தான். முடிந்த படங்களை வேனில் ஏற்ற. முடிந்தவை என்று ஏற்ற அதிகம் இல்லை. அவன் நிலைமையைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் தீர்த்துவைக்கிற குரலில் பேசினான்.

"எதுக்கு அக்கா இந்தக் கஷ்டம்? அந்த ஆணித் துப்பாக்கி ஒண்ணு வாங்கிடு. டப், டப், டப். முடிஞ்சுது. சுத்தியலே வேணாம்."

சுத்தியார் அவனை ஒரு பார்வை பார்த்தார். மச்சான் அதைக் கவனிக்கவில்லை. ஃபிரேம்காரம்மா கவனித்தார், கவனித்தும் சொன்னார்.

"நாளைக்குள்ள கை வரலைன்னா மொத்தத்தையும் மெஷின் கடைக்கே குடுத்துடறேன். பள்ளிக்கூடத்துக்காரங்களை ஏமாத்த முடியாது. அப்புறம் நானும் ஒரு துப்பாக்கி வாங்கிக்கறேன்."

யாரையும் குற்றம் சொல்லாத குரல். அதுதான் சுத்தியாரை அடித்தது, அதுவும் ஒரே அடியில். சுத்தியல்களுக்காகவே வாழ்ந்த ஒரு மனிதர் தன் மனைவியின் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கித் துப்பாக்கியைக் கொடுத்தார் என்று நாளைக்கு ஊர் சொல்லும். ஊரை விடலாம். அவருடைய மனசே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

வியாழக்கிழமை அலுவலகத்துக்கு லீவு சொன்னார். காலையில் வெறுங்கையோடு கடைக்கு வந்து நின்றார்.

"பை எங்க?" என்றார் ஃபிரேம்காரம்மா.

"கொண்டு வரலை. நீ வேலை செய்யறதை ஒரு தடவை பாக்கறேன்."

"இத்தனை வருஷமா பாக்காததா?"

சுத்தியார் யோசித்துப் பார்த்தார். பார்த்ததே இல்லை! கடைக்கு எத்தனையோ தரம் வந்திருக்கிறார். வந்தால் சுத்தியலைப் பார்ப்பார். அதன் துருவைப் பார்ப்பார். தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போவார். அது வேலை செய்வதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

"பேசாம உட்கார்றதா இருந்தா உட்காருங்க" என்றார் மனைவி.

வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். பேசாமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத தொழில். இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

ஃபிரேம்காரம்மா சட்டத்தைக் குப்புறப் போட்டார். உள்ளே கண்ணாடி, அதன்மேல் படம், அதன்மேல் அட்டை. சின்ன ஆணி ஒன்றைச் சட்டத்தின் உள்பக்கச் சுவரில் படுக்கைவாட்டில் வைத்தார். சுத்தியலை எடுத்தார். சுத்தியார் அது மேலே எழும் என்று காத்திருந்தார்.

எழவில்லை. ஃபிரேம்காரம்மா சுத்தியலைத் தூக்கவே இல்லை. அட்டைமேல் பக்கவாட்டில் படுக்க வைத்து, முன்னும் பின்னுமாக வழுக்கித் தள்ளினார். இஸ்திரி போடுகிற மாதிரி. உலகத்துச் சுத்தியல்கள் எல்லாம் ஓங்குவதற்குப் பிறந்தவை. இந்தக் கடைச் சுத்தியல் தவழ்வதற்குப் பிறந்தது. கைக்கு அடக்கம் என்று அவர் பெருமைப்பட்ட நீள்வட்டப் பிடி தலையைவிடப் பருமனாக இருந்து, தவழ விடாமல் தலையைத் தூக்கியது. தலை கோணலாக வந்து ஆணியைத் தொட்டது. அவர் மெருகேற்றிய முகம் ஆணியின்மேல் வழுக்கியது. ஆணி வளைந்தது. இவ்வளவும் நடக்கிறபோது மனைவியின் ஆள்காட்டி விரல் பிடியின் மேல் எதையோ தேடி, கிடைக்காமல், திரும்பி வந்தது.

சுத்தியார் எழுந்தார். மனைவியின் வலது கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஒரு காய்ப்பு. புதுப் பிடியில் எதுவுமே தொடாத இடத்தில்.

"பட்டப்பகல்ல, கடையில, என்னங்க இது?" என்றார் ஃபிரேம்காரம்மா. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அந்தப் பிடி ஒரு பக்கம் தட்டையா இருந்துதே, அதுலதான் நீ வழுக்கித் தள்ளினே. அந்தப் பள்ளம் இந்த விரலுக்கு. அது பிடி இல்லம்மா. அது உன் கை. அதை நான் குப்பையில போட்டுட்டேன்."

ஃபிரேம்காரம்மா தன் விரலைத் தானே முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அடப்பாவமே, இதுதானா?" என்றார்.

குறை தெரிந்துவிட்டது, மரம்? சுத்தியாரின் கையிருப்புப் பிடிகள் எல்லாம் துள்ளுகிற மரம். அடியை எகிற வைப்பதற்காக வளர்த்தவை. இதற்குத் துள்ளாத மரம் வேண்டும். அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். ஒரு குறுக்குக் கட்டை போய், இன்னொரு கட்டையோடு அது இத்தனை வருஷம் வாடிக்கையாளர்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. சுத்தியார் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். இரண்டு தட்டு. பழைய பிடியின் கூடப்பிறந்த கட்டை கையோடு வந்துவிட்டது.

செதுக்க உட்கார்ந்தார். தாள் கத்தி தோற்றது. கயிற்றுக் கத்தி கொஞ்ச தூரம் போய் மழுங்கியது. பழக் கத்தியை அவர் வெளியிலேயே எடுக்கவில்லை. பழத்தைத் தவிர எதற்கும் அதை எடுப்பதில்லை என்ற வைராக்கியம் மட்டும் இன்னும் பாக்கி இருந்தது. வருஷக்கணக்காக உலர்ந்த மரம் கல்லாக இருந்தது. அதற்கு அகலமான நேர் அலகும் கெட்டி எஃகும் உள்ள கத்தி ஒன்று வேண்டும். அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஃபிரேம்காரம்மாவுக்கும் தெரியும். அந்த அம்மா ஓர் அட்டையை அளக்க ஆரம்பித்தார்.

சுத்தியார் கட்டையை மேஜையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "இதோ வந்துடறேன்" என்று கிளம்பிப் போனார்.

திரும்பி வந்தபோது ஒரு கையில் நீல வெல்வெட் பெட்டி, இன்னொரு கையில் அலுவலகத்து மை ஒற்றும் டப்பா. பெட்டியைத் திறந்து கத்தியைத் திறந்தார். அந்தச் சத்தம் வந்தது. ஃபிரேம்காரம்மா மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார். முதல் வெட்டு மரத்தில் விழுந்தபோது சுத்தியார் கண்ணை மூடிக்கொண்டார் என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். மூடாத கண் பார்த்தது: சுருள் நீளமாக, உடையாமல், மேஜை விளிம்பு வரை போய் விழுந்தது. அவர் மூடிய கண்ணையும் திறந்துவிட்டார்.

ஒரு பக்கத்தைத் தட்டையாக்கினார். பிறகு மை டப்பாவை நீட்டினார்.

"விரலை இதுல வை."

"எதுக்கு? சொத்தை எழுதி வாங்கப் போறீங்களா?"

கிண்டல்! திரும்பி வந்துவிட்டது. சுத்தியார் மை டப்பாவை இன்னும் கொஞ்சம் நீட்டி, "சொத்துன்னா அந்த அலமாரிதான். வேணுமா?" என்றார்.

"ஐயோ, வேணாம்ப்பா" என்று ஃபிரேம்காரம்மா விரலில் மை தொட்டுக் கட்டையைப் பிடித்தார். மை ஒட்டின இடத்தைச் சுத்தியார் செதுக்கினார். மறுபடி மை, மறுபடி பிடி, மறுபடி செதுக்கல். 'பெறப்பட்டது' என்று ஊர்த் தாள்களில் எல்லாம் பதிந்த மை அன்று சரியான முகவரிக்கு வந்து சேர்ந்தது. கட்டையில் விரலுக்கு ஒரு படுக்கை உண்டானதும், தலையைச் செருகி ஆப்பு வைத்தார். கடைசியாக ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து, தான் நாள் முழுக்கத் தேய்த்து மெருகேற்றிய முகத்தைத் தன் கையாலேயே சொரசொரப்பாக்கினார். கத்தியை விட அதுதான் அதிகமாக வலித்தது.

ஃபிரேம்காரம்மா சுத்தியலை வாங்கினார். படுக்க வைத்தார். விரல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. வழுக்கித் தள்ளினார்.

டிக்.

ஆணி நேராக உள்ளே போயிருந்தது. இன்னொன்று வைத்தார். டிக். நாலு பக்கமும் அடித்து, சட்டத்தைத் திருப்பி, கண்ணாடியை ஊதித் துடைத்து வைத்தார். பழைய வருஷத்து மாணவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று சுத்தியாரை முறைத்தார்கள்.

"சரியா இருக்கா?" என்றார் சுத்தியார்.

ஃபிரேம்காரம்மா அடுத்த ஆணியை எடுத்துக்கொண்டே, "காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலையே நீங்க? டப்பாவுல இருக்கு, பாருங்க. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றார். வார்த்தைகள் வரிசையாக வந்தன. சுத்தியார் டப்பாவைத் திறந்து, ருசி தெரியாமல், ரொம்ப சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கடையில் அந்தச் சத்தம்தான். சனிக்கிழமை விடிந்து மச்சான் வேனோடு வந்தபோது படங்கள் எல்லாம் சுவரோரம் அடுக்கித் தயாராக இருந்தன. அவன் ஆச்சரியப்பட்டான்.

"அக்கா! துப்பாக்கி வாங்கிட்டியா?"

"இல்லடா. அத்தான் பழைய பிடியையே போட்டுக் குடுத்துட்டாரு."

"பாத்தீங்களா அத்தான்? நான் போட்ட பிடி! இத்தனை வருஷம் கழிச்சாவது அதோட அருமை தெரிஞ்சுதே!" என்று மச்சான் நெஞ்சை நிமிர்த்தி, பெருமை தாங்காமல், வாடிக்கையாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

நாற்காலியின் நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போயின. மச்சான் மட்டும் நேராகக் கீழே போனான்.

"அதுலயும் கட்டை இல்லடா" என்றார் சுத்தியார், கொஞ்சம் தாமதமாக. எவ்வளவு தாமதம் என்பதில் மச்சானுக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

படங்களை ஏற்றி அனுப்பிய பிறகு சுத்தியார் மேஜையை ஒழுங்குபண்ணுகிற சாக்கில் தன் கத்தியைத் தேடினார். கிடைத்தது. கொம்புப் பிடியில் பசை வழிந்து காய்ந்திருந்தது. அலகில் டேப் ஒட்டியிருந்தது. இரண்டு நாளாக ஃபிரேம்காரம்மா அதைக் கொண்டு அட்டை வெட்டி, பசை சுரண்டி, கயிறு அறுத்து, ஒரு தகர டப்பாவின் மூடியையும் நெம்பியிருக்கிறார். சுத்தியார் கைக்குட்டையை எடுத்தார்.

"அதை ஏன் எடுக்கறீங்க?"

"துடைச்சு, எண்ணெய் போட்டு, பெட்டியில..."

"அங்கயே வைங்க. அது இங்க வேலைக்குச் சேர்ந்தாச்சு. நல்லா வேலை செய்யுது. உங்களை மாதிரி லீவும் போடறதில்ல."

சுத்தியார் கத்தியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கத்தியைச் சுத்தியலுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்தவர் அதைக் கொஞ்சம் நகர்த்தி, மனைவியின் வலது கைக்கு எட்டுகிற மாதிரி திருப்பி வைத்தார். வெல்வெட் பெட்டியில் இப்போது சின்ன ஆணிகள் இருக்கின்றன.

போன வாரம் பக்கத்துத் துணிக் கடைக்காரர் வந்து, "அம்மா, ஒரு கத்தி கிடைக்குமா? ஒரு நிமிஷத்துல தந்துடறேன்" என்றார்.

"எதுக்கு?" என்றார் ஃபிரேம்காரம்மா.

"ஒரு மூட்டை பிரிக்கணும்."

"கயிறா, தையலா?"

துணிக் கடைக்காரர் விழித்தார். ஃபிரேம்காரம்மா கத்தியை எடுத்து முந்தானையில் துடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "நடங்க, வரேன்" என்று அவருக்கு முன்னால் இறங்கினார்.